ஒரே நோய், ஒரே ஆண்டு, இரண்டு பீதிகள்

2009இல் பிரிட்டனின் டேப்ளாய்டு நாளேடுகள் கருப்பைவாய்ப் புற்றுநோயை இரண்டு முறை முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுவந்தன. மார்ச்சில் அந்த நோயால் ஒரு பெண் இறந்தார். செப்டம்பரில், அந்த நோய்க்கான தடுப்பூசி போட்டுக்கொண்ட சில மணி நேரத்தில் ஒரு சிறுமி இறந்தாள். முதல் மரணத்தைக் காட்டி நோய்க்கு அஞ்சச் சொன்ன பத்திரிகை உலகம், ஆறு மாதம் கழித்து அதே நோயைத் தடுக்கும் ஊசிக்கு அஞ்சச் சொன்னது. வாசகர்களும் அவர்களேதான்.

டேப்ளாய்டுகளின் மருத்துவச் செய்திகளைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, அவை அறிவியலுக்கு எதிரானவை. இன்னொன்று, யாருடைய பணத்துக்கோ ஆடுபவை. எனக்கு இரண்டிலும் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. எதிரியாக இருப்பதற்குக்கூட ஒரு கொள்கை வேண்டுமே! இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கொள்கை எதுவும் தட்டுப்படுவதில்லை, தொழில்தான் தெரிகிறது.

மார்ச்சில் இறந்த ஜேட் கூடியைத் தமிழ் வாசகர்கள் பலர் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். 2007 ஜனவரியில் பிரிட்டனின் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ நிகழ்ச்சியில் ஷில்பா ஷெட்டியை இனவெறியோடு ஏசியவர் அவர். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காமுக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. தென்கிழக்கு லண்டனின் பெர்மண்ட்சியில் வறிய வீட்டில் வளர்ந்தவர், பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தவர். 2002இல் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் தோன்றியபோது டேப்ளாய்டுகள் அவருடைய உடம்பையும் பொது அறிவையும் வாரக்கணக்கில் கிண்டல் செய்தன; பன்றி என்றுகூட எழுதினார்கள். பிறகு அவரையே செல்லப்பிள்ளையாக்கினார்கள். 2007இல் மறுபடியும் துரத்தினார்கள். பழிக்குப் பரிகாரம் தேடுவதுபோல 2008 ஆகஸ்டில், ஷில்பா ஷெட்டியே தொகுத்து வழங்கிய இந்திய ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் வந்தார். அந்த வீட்டில் இருந்தபோதுதான் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற செய்தி அவரை எட்டியது. உடனே லண்டன் திரும்பினார்.

அடுத்த ஏழு மாதமும் அவருடைய நோய் ஒரு தொடர்கதையாகவே வெளிவந்தது. நோய் முற்றிவிட்டது, பிழைக்க வழியில்லை என்பது 2009 பிப்ரவரியில் தெரிந்தது. அந்த மாதம் 22ஆம் தேதி எஸெக்ஸில் ஒரு மாளிகையில் திருமணம். புகைப்பட உரிமையை ‘ஓகே!’ வார இதழ் ஏழு லட்சம் பவுண்டுக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. சிறையிலிருந்து வந்து இரவு வீடடங்கல் கட்டுப்பாட்டில் இருந்த மணமகனுக்கு அந்த ஒரு ராத்திரி மட்டும் விலக்குக் கொடுக்க நீதித்துறை அமைச்சகமே இறங்கிவர வேண்டியிருந்தது. தன் சாவை விற்கிறார் என்று சிலர் முகம் சுளித்தபோது, இரண்டு மகன்களின் படிப்புக்குப் பணம் சேர்க்கிறேன் என்று கூடி வெளிப்படையாகவே சொன்னார். என்னைக் கேட்டால் அந்த வியாபாரத்தில் நேர்மையாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். ‘ஓகே!’ இதழோ, அவர் உயிரோடு இருக்கும்போதே பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் போட்டு அஞ்சலி மலரைக் கடைக்கு அனுப்பிவிட்டது. மார்ச் 22, ஞாயிறு, பிரிட்டனில் அன்னையர் தினம். அன்று அதிகாலை அவர் இறந்தார். வயது 27.

இதன் விளைவைப் பின்னால் கணக்கெடுத்தார்கள். 2008 நடுவிலிருந்து 2009 நடுவரை இங்கிலாந்தில், கருப்பைவாயின் செல் மாற்றங்களை முன்கூட்டியே கண்டறியும் ஸ்மியர் பரிசோதனைக்கு வழக்கத்தைவிட 4,78,000 பேர் கூடுதலாக வந்திருந்தார்கள். அவர் இறந்த மார்ச் மாதத்தில் மட்டும் எதிர்பார்த்ததைவிட 70 விழுக்காடு அதிகம். தவணை கடந்தும் வராமல் இருந்த பெண்கள் அதில் கணிசமாக இருந்தார்கள். சுகாதாரத் துறை எத்தனை சுவரொட்டி ஒட்டியிருந்தாலும் இப்படியொரு கூட்டத்தைச் சேர்த்திருக்க முடியாது. டேப்ளாய்டு பீதியால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பீதிக்கு நிற்கத் தெரியவில்லை. இங்கிலாந்தில் பரிசோதனைக்கு அழைக்கும் வயது 2003இல் 20இலிருந்து 25 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. கூடியின் மரணத்தையொட்டி அதை மறுபடியும் 20க்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏடுகளில் கோரிக்கை எழுந்தது. அரசு நிபுணர் குழுவைக் கூட்டியது. 2009 ஜூனில் குழு ஒருமனதாக மறுத்தது. இருபது வயதையொட்டிய பெண்களின் கருப்பைவாயில் செல் மாற்றங்கள் சகஜம், பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும். தேவையின்றி அவற்றுக்குச் சிகிச்சை செய்தால் பின்னாளில் குறைப்பிரசவத்துக்கு இடமுண்டு என்பது மருத்துவக் காரணம். இதைத் தலைப்பாக்குவது எந்தத் துணை ஆசிரியராலும் ஆகாத காரியம். பரிசோதனையே செய்யாமல் இருப்பது சில வயதினருக்கு நல்லது என்பதை எட்டுச் சொல்லில் எப்படி எழுதுவது?

இனி இரண்டாவது. கூடி லண்டன் திரும்பிய அடுத்த மாதமே, 2008 செப்டம்பரில், பிரிட்டன் 12, 13 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கியது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்குக் காரணமான இரண்டு வைரஸ் வகைகளைத் தடுக்கும் ‘செர்வாரிக்ஸ்’தான் அப்போது போடப்பட்டது. ஓராண்டுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போட்டாகிவிட்டன. 2009 செப்டம்பர் 28, திங்கட்கிழமை, கவென்ட்ரி நகரில் ஊசி போட்டுக்கொண்ட 14 வயது மாணவி ஒருத்தி சில மணி நேரத்தில் இறந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் படம் நாடெங்கும் முகப்புப் பக்கத்தில். ஊசி போட்டபின் தலை சுற்றியவர்கள், கைகால் வலித்தவர்கள், மாதக்கணக்கில் சோர்ந்து கிடந்தவர்கள் என்று பழைய கதைகள் தோண்டியெடுக்கப்பட்டன. அந்தத் தொகுதி மருந்தை நிறுவனம் ஒதுக்கிவைத்தது. கவென்ட்ரியில் ஊசி போடுவது சில நாள் நின்றது. வியாழக்கிழமை பிரேதப் பரிசோதனையின் முதல் முடிவு வந்துவிட்டது. சிறுமியின் நெஞ்சுக்குள் யாருக்கும் தெரியாமல் பெரிய புற்றுக்கட்டி இருந்திருக்கிறது. மரணத்துக்கு ஊசி காரணமில்லை. கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ‘சண்டே எக்ஸ்பிரஸ்’, அந்த ஊசி புற்றுநோய் அளவுக்கே கொல்லக்கூடியது என்ற பொருளில் முகப்புச் செய்தி போட்டது. அதற்குச் சாட்சியாகக் காட்டியது தடுப்பூசி ஆய்வில் ஈடுபட்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் டயான் ஹார்ப்பரை. நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று அவர் மறுத்தார்.

இரண்டு கதைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இரண்டிலும் ஒரு இளம் முகம் இருக்கிறது. பிரிட்டனில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூவாயிரம் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. அந்த மூவாயிரம் ஒரு நாளும் முகப்புப் பக்கத்துக்கு வந்ததில்லை. ஒருத்தி வந்தாள். அதேபோல, ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் பள்ளிக்குப் போன லட்சக்கணக்கான சிறுமிகள் செய்தியாகவில்லை. போகாத ஒருத்தி செய்தியானாள். நலமாக இருப்பவருக்குப் படம் கிடையாது.

வேறுபாடு, குற்றவாளிக் கூண்டில் யாரை நிறுத்துவது என்பதில் இருக்கிறது. கூடியின் கதையில் வாசகியே பாதிக் குற்றவாளி. மேசை இழுப்பறையில் போட்டுவைத்த அழைப்புக் கடிதம் அவளைக் குத்தியது; எடுத்து, தொலைபேசியில் நாள் குறித்துவிட்டால் குற்ற உணர்வு தீர்ந்தது. பயத்துக்குப் போக ஒரு வாசல் இருந்தது. கவென்ட்ரி கதையில் குற்றவாளி அரசு, நிறுவனம், பள்ளியில் ஊசி ஏந்தி வந்த செவிலி. அங்கே பெற்றோர் செய்யக்கூடிய ஒரே காரியம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மறுப்பது. அதனால்தான் இரண்டு பயங்களும் எதிரெதிர்த் திசையில் ஓடின. ஓட்டியவர்களுக்குத் திசையைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

இது அதிகப்படியான சந்தேகம் என்று நினைப்பவர்கள் ஐரிஷ் கடலைத் தாண்டிப் பார்க்கலாம். 2008 நவம்பரில் அயர்லாந்தின் சுகாதார அமைச்சர் மேரி ஹார்னி, பணமில்லை என்று சொல்லி எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தைக் கைவிட்டார். உடனே ‘ஐரிஷ் டெய்லி மெயில்’ பொங்கியெழுந்தது. நம் பெண் குழந்தைகளின் உயிரை வைத்துச் சிக்கனம் பிடிப்பதா, ஊசியை உடனே கொடு என்று இயக்கமே நடத்தியது. அதே நிறுவனத்தின் ‘டெய்லி மெயில்’ இந்தப் பக்கம் லண்டனில் ஊசியின் பக்கவிளைவுகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரே முதலாளி, ஒரே ஊசி. அயர்லாந்து அரசு ஊசியை மறுத்தது, பிரிட்டன் அரசு ஊசியைக் கொடுத்தது. இரண்டு ஊரிலும் பத்திரிகை அரசுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. உங்கள் பிள்ளைக்கு யாரோ எதையோ செய்கிறார்கள் என்ற வாக்கியம் மட்டும் இரண்டு பதிப்பிலும் மாறவில்லை. 2010இல் அயர்லாந்திலும் ஊசி வந்தது.

ஏன் இந்தப் பழக்கத்தை விடமுடியவில்லை? முதல் காரணம் கடை. பிரிட்டனின் டேப்ளாய்டுகளைப் பெரும்பாலோர் சந்தா கட்டி வாங்குவதில்லை. போகிற வழியில் கடையில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் முகப்புப் பக்கம் புதிதாகத் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும். அன்றைக்கு ‘சன்’ தினமும் சுமார் 30 லட்சம், ‘டெய்லி மெயில்’ 20 லட்சத்துக்கு மேல் விற்றன. ஆனால் சரிவு தொடங்கியாகிவிட்டது. அரசியல் ஊழலை எல்லோரும் படிப்பதில்லை, கால்பந்தைப் பாதிப் பேர் படிப்பதில்லை. உடம்பு இல்லாத வாசகர் கிடையாது. பெண் வாசகர்கள் ஆண்களைவிடக் கூடுதலாக இருக்கும் ‘மெயில்’ போன்ற ஏட்டுக்கு, வீட்டில் உள்ளவர்களின் உடல்நலத்தைச் சுமக்கும் பெண்ணின் கவலையே நிரந்தரச் சந்தை. செவ்வாய்தோறும் நலவாழ்வுக்கென்றே தனிப் பக்கங்கள் அதில் உண்டு.

இரண்டாவது காரணம் செலவு. ஓர் ஊழலை வெளிக்கொண்டுவர ஒரு நிருபரை மாதக்கணக்கில் அலையவிட வேண்டும், வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். மருத்துவச் செய்தி வாரந்தோறும் ஆய்விதழ்களிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் பத்திரிகைக் குறிப்பாகத் தானே வந்து மேசையில் விழுகிறது. அந்தக் குறிப்பிலேயே மசாலா சேர்ந்திருப்பதும் உண்டு. கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியான 462 குறிப்புகளைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். எலியிடம் கண்டதை மனிதருக்கு நீட்டிச் சொல்வதுபோன்ற மிகைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குறிப்புகளில் இருந்தன. குறிப்பில் மிகை இருந்தால் செய்தியிலும் பெரும்பாலும் இருந்தது. பழியை நிருபர் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஆய்வாளர்கள் கை கழுவிக்கொள்ள முடியாது.

மூன்றாவது, பீதிச் செய்தியால் வழக்கு வருவது அபூர்வம். பிரிட்டனின் அவதூறுச் சட்டம் பத்திரிகைகளை நடுங்கவைப்பது. ஆனால் பன்றி இறைச்சியோ காபியோ சூரிய வெளிச்சமோ நீதிமன்றம் போகாது. அதே காலத்தில், 2008இல், முதுகெலும்பு நீவல் வைத்தியம் குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் காதுத் தொற்றுக்கும் உதவும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு எழுதிய சைமன் சிங் மீது அந்த வைத்தியர்களின் சங்கம் வழக்குப் போட்டது; 2010இல்தான் வாபஸ் வாங்கியது. ஆக, பயமுறுத்துவதைவிட ஆதாரம் கேட்பதற்குத்தான் அங்கே துணிச்சல் தேவைப்பட்டது.

எண்களைக் கையாளும் விதத்தையும் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். 1995 அக்டோபர் 18 அன்று, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. மருத்துவர்களுக்கு அனுப்பிய கடிதம் பலர் கைக்குச் சேருமுன்பே செய்தி ஊரெங்கும் பரவியது. இரட்டிப்பு என்றால் நூறு விழுக்காடு அதிகம். ஏழாயிரம் பெண்களை ஒரு மைதானத்தில் நிறுத்துங்கள். பழைய மாத்திரையில் ஆண்டுக்கு ஒருத்திக்கு ரத்தக்கட்டு வரும், புதியதில் இருவருக்கு. அந்த நூறு விழுக்காடும் இந்த ஒரே ஒருத்திதான். இரண்டு கணக்கும் உண்மை, முதலாவதுதான் விற்கும். பயந்து மாத்திரையை நிறுத்தியவர்களால் அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடின என்று மதிப்பிட்டார்கள். ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் அதிகம் என்பது அந்தத் தலைப்புகளில் இடம்பெறாத செய்தி.

திரும்ப 2009க்கு வருவோம். கூடியின் பீதி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை நகர்த்தியது. கவென்ட்ரியின் பீதி ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கியது. 12, 13 வயதினரில் மூன்று தவணையும் முடித்தவர்கள் இங்கிலாந்தில் முதல் ஆண்டு 80 விழுக்காடு, மறு ஆண்டு 76 விழுக்காட்டை ஒட்டி, அதற்கடுத்த ஆண்டு 84 விழுக்காட்டை ஒட்டி. அந்தச் சிறு சரிவிலும் எவ்வளவு பங்கு பீதியுடையது, எவ்வளவு பங்கு அப்போது பள்ளிகளை உலுக்கிக்கொண்டிருந்த பன்றிக்காய்ச்சலுடையது என்று பிரிப்பது கடினம்.

பத்தாண்டுக்கு முன், தட்டம்மை உள்ளிட்ட நோய்களைத் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கு இப்படி நடக்கவில்லை. 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை ‘லான்செட்’டில் வெளியிட்டு, செய்தியாளர் கூட்டத்தில் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டே ‘சவுத் வேல்ஸ் ஈவ்னிங் போஸ்ட்’ தன் ஸ்வான்ஸி வட்டாரத்தில் அந்த ஊசிக்கு எதிராக எழுதத் தொடங்கியிருந்தது. அந்த ஏடு விற்கும் பகுதியில் ஊசி போடுவது 13.6 விழுக்காட்டுப் புள்ளி சரிய, வேல்ஸின் மற்ற இடங்களில் சரிவு 2.4தான். இங்கிலாந்தில் 92 விழுக்காடாக இருந்தது 2003–04இல் 80க்கு இறங்கியது. ‘லான்செட்’ 2010இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012–13இல் அதே ஸ்வான்ஸி வட்டாரத்தில் தட்டம்மை வெடித்து 1,200க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் பதிவானது.

கவென்ட்ரியில் பீதி ஏன் காலூன்றவில்லை? மூன்று நாளில் பிரேதப் பரிசோதனை பேசிவிட்டது என்பதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஆட்டிசத்துக்கு அப்படியொரு அறிக்கை கிடையாது. அது எதனால் வருகிறது என்று மருத்துவர் தயங்கும் ஒவ்வொரு நொடியும் பத்திரிகைக்குப் புதிய பத்தி. எம்.எம்.ஆரில் கைசுட்ட அதிகாரிகளும் இம்முறை முந்திக்கொண்டு பேசினார்கள். பதில் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைச் சொல்லலாம். அங்கே 2013இல் பத்திரிகைகள் இதே எச்.பி.வி. ஊசியின் பக்கவிளைவுகளைப் பெரிதாக்க, ஜூன் மாதம் அரசே பரிந்துரையை நிறுத்திவைத்தது. 70 விழுக்காட்டை ஒட்டியிருந்த எண்ணிக்கை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. மறுபடி முழுதாகத் தொடங்க 2022 ஆயிற்று.

பிரிட்டனில் பின்னால் வந்த கணக்குகள் விசித்திரமானவை. கூடியின் பெயரால் திரண்ட கூட்டம் நிலைக்கவில்லை. 2018 மார்ச்சில் இங்கிலாந்தில் ஸ்மியர் பரிசோதனையை உரிய காலத்தில் செய்துகொண்டவர்கள் 71.4 விழுக்காடு, இருபது ஆண்டுகளில் அதுதான் மிகக் குறைவு. மாறாக, ஏடுகள் அஞ்சச் சொன்ன ஊசி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 12, 13 வயதில் அது வழங்கப்பட்ட தலைமுறையினரிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்திருப்பதாக 2021 நவம்பரில் ‘லான்செட்’ வெளியிட்டது. ஒன்று, பயந்து தாமாக வந்தவர்களின் கணக்கு. மற்றொன்று, பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்தப்பட்டவர்களின் கணக்கு. அந்தச் சிறுமிகள் இப்போது 25ஐத் தாண்டிவிட்டார்கள். ஸ்மியர் பரிசோதனைக்கான அழைப்பு அவர்களுக்கும் வருகிறது. ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை என்பதால் போகத்தான் வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு மிகக் குறைவாக வருபவர்களும் அந்த வயதுப் பெண்கள்தான்.